தழும்பைப் பற்றி நாம் பேசியது

இன்று காலை என் மேசைக்கு வந்த தோலில், முதுகுப் பக்கம், நீளமாக ஒரு தழும்பு இருந்தது. எங்கோ முள்கம்பியில் கிழிபட்டு, அந்த மாடு உயிரோடு இருந்தபோதே ஆறிப்போன காயம். பதனிட்டு, சாயமேற்றி, பளபளப்பும் கொடுத்தபிறகும் அது போகவில்லை. வழக்கம்போல சில்வர் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டம் போட்ட இடத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்வார்கள். போட்ட கையோடு, நீ வேலை செய்த பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கே வேறொருத்தி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். உன் முக்காட்டின் நுனி மேசைமேல் விழும், நீ அதை எரிச்சலோடு தோளுக்குத் தள்ளுவாய். அது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

நாம் பேச ஆரம்பித்ததே சண்டையில்தான். வேலூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் வேனில் நீ ஜன்னலோரம், நான் உன் பக்கத்தில். என் கையில் பைபிளைப் பார்த்து, "இதுல பாதிய மாத்திட்டாங்களாமே, எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாரு" என்றாய். சபையில் இதற்கெல்லாம் பதில் சொல்லப் பயிற்சி எடுத்தவள் நான். விடுவேனா?

"மாத்தறவன் தனக்கு அசிங்கமா இருக்கறத முதல்ல அழிப்பான். பேதுரு பயந்துபோய் இயேசுவை எனக்குத் தெரியாதுன்னது, சீஷருங்க எல்லாம் ஓடிப்போனது, அது ஏன் அப்படியே இருக்குது?"

வேன் பள்ளிகொண்டா தாண்டும்போது நீ ஜன்னலிலிருந்து திரும்பினாய். அப்புறம் சொன்னாய்: "ஓடிப்போனவங்க சொல்றத எப்படி நம்பறது, அத சொல்லு."

வேனில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓடினவர்களே திரும்பி வந்து உயிரைக் கொடுத்தார்கள், பொய்க்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்ற பதில் அன்று சாயங்காலம்தான் தோன்றியது. மறுநாள் வந்து சொன்னேன். "ராத்திரி பூரா இதே யோசனையா? பேஜார் புடிச்சவ" என்றாய். அன்றிலிருந்து நமக்கு அந்த வேன்தான் பள்ளிக்கூடம். ஒருவரான தேவனைப் பிதா, குமாரன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அல்லாவுக்கு ஏதுடி பிள்ளை?" என்பாய். பெற்றெடுத்தார் என்று நாங்களும் சொல்லவில்லை என்று நான் திரும்பத் திரும்ப விளக்குவேன். நீ அசையவே மாட்டாய். நானும்தான்.

ஆனால் சிலுவைக்கு வரும்போது மட்டும் உன் குரல் மாறிவிடும்.

ஒருநாள் மதியம் மேசையில் நான் தோமாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உயிர்த்தெழுந்த இயேசு தம் கைகளை நீட்டி, ஆணித் தழும்பைத் தொட்டுப் பார் என்று சொன்ன கதை. நீ பேனாவை ஆட்டிக்கொண்டே, "நம்ம டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்டு" என்றாய். சொன்ன வேகத்திலேயே உன் முகம் வெளுத்தது. "தௌபா, தௌபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாய். "ஈஸா அலைஹிஸ்ஸலாம் எங்களுக்கும் நபி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு நீ மெதுவாகச் சொன்னதுதான் மனதில் நின்றது. "அதுக்குத்தான் சொல்றோம். அவ்ளோ பிரியமான நபிய அல்லா அப்படி அடிக்க விடுவானா? ஆணி அடிக்க விடுவானா? ஒரு கீறல்கூட இல்லாம மேல எடுத்துக்கிட்டான்."

சிலுவையை நீங்கள் மறுப்பது பிடிவாதத்தால் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர்மேல் உனக்கிருந்த மரியாதைதான் அவர் அடிபட்டார் என்பதை ஏற்கவிடவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த மரியாதையின் எதிரில், தயாராக வைத்திருந்த பதில்களை ஓரமாக வைத்தேன். "விட்டார்னுதான் நாங்க நம்பறோம். நாம படறது எதையும் அவர் படாம இருக்கக் கூடாதுன்னு விட்டார்" என்று மட்டும் சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த தோலை விரித்தாய்.

பெரிய வெள்ளி உங்கள் ரம்ஜான் மாதத்துக்குள் வந்த வருடம் நினைவிருக்கிறதா? மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, கோயிலில் ஊற்றிய கஞ்சியை ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு, லாங் பஜாருக்குப் பின்னால் இருந்த உன் வீட்டுக்கு வந்தேன். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை நானும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் பாபி, அதுதான் உன் அண்ணன் மனைவி, பள்ளிவாசல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே விரிப்பில் இரண்டு கஞ்சி. நீ பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, "அவர் சாகவே இல்லன்ற வீட்டுல வந்து, அவர் செத்த நாள் கஞ்சிய குடிக்கிறே. வெக்கமா இல்ல?" என்றாய். பாபி மட்டும் சிரிக்கவில்லை. உன்னை நான் எங்கே இழுத்துக்கொண்டு போகிறேனோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது. அது நியாயமான பயம்தான். உன்னை அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையிலேயே இருந்தது. இன்றும் அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் உன் மார்பில் அந்தக் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மார்க்கரால் கோடு போட்டதை என்னிடம் காட்டி, "பாத்தியா, எனக்கும் வட்டம் போட்டுட்டாங்க" என்றாய். நான் அழுதேன். நீ என்னைத் திட்டினாய்.

நோய் திரும்பி வந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிட்ட பிறகு ஒரு மதியம், ஆஸ்பத்திரியில், பாபி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நீ ஆபரேஷன் தழும்பு இருந்த இடத்தில் சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாய்: "உங்க கதையில, எழுந்தப்புறம் அவர் தழும்ப மறைச்சாரா?"

"இல்ல. காட்டினார்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். இந்த முறை நீ இடையில் குறுக்கிடவில்லை. முடித்ததும் வெகுநேரம் என் விரலைப் பிடித்திருந்தாய். "நல்லா இருக்குது. ஆனா நான் நம்பல, ஜெபா. அல்லா ஒருத்தன்தான்னு கலிமா சொல்லித்தான் போவேன். நீ ஜெயிச்சிட்டேன்னு உங்க சர்ச் ஐயர்கிட்ட போய் சொல்லிடாத. எம் புள்ளைங்க இந்தத் தெருவுல தலை நிமிந்து இருக்கணும்."

"சொல்ல மாட்டேன்."

"தெரியும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எப்போதும் இருக்கும் கிண்டல் பாதிதான் இருந்தது.

கடைசி நாளில் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. காதருகே கலிமாவை ஓதியபோது உன் நாக்கு அசையவில்லையாம். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபிறகு, வீட்டில் பெண்களோடு நானும் நின்றிருந்தேன். பாபி என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவ உன்கிட்டதான் எல்லாம் பேசுவா. உண்மையச் சொல்லு. மனசு மாறிட்டாளா?"

அவள் என்னிடம் கேட்டது ஒரு சாட்சி. சாட்சி சொல்லத்தான் சபையில் என்னை இத்தனை வருடம் பழக்கியிருந்தார்கள். அதை இந்த வீட்டில், இந்தப் பக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"மாறல, பாபி. கலிமா சொல்லித்தான் போவேன்னு எங்கிட்ட சொன்னா. வாயால சொல்ல முடியலன்னாலும் அவ மனசு அதுலதான் இருந்துச்சு."

என்மேல் சாய்ந்து அவள் அழுத அழுகையில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஆறுதல் தந்த அதே வார்த்தைதான் என்னை உடைத்தது; நீ இயேசுவை ஏற்காமலே போய்விட்டாய் என்றுதான் எனக்கு அதற்கு அர்த்தம். அதை அவளிடம் சொல்ல முடியுமா? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீதான் இல்லை.

இந்த வருடம் பிறைக்கணக்கில் ரம்ஜான் முன்னாலேயே வந்துவிட, உங்கள் பெருநாள் முடிந்தபிறகுதான் எங்கள் பெரிய வெள்ளி வந்தது. கோயில் கஞ்சியைத் தனியாகக் குடித்தேன். அன்றைக்குத்தான் எங்கள் சபைப் போதகரான ஐயர் வந்து, இஸ்லாமியருக்குப் பதில் சொல்வது பற்றி வாலிபருக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். "உங்க ஃப்ரெண்டு கடைசியில ஏத்துக்கிட்டாங்கதானே? அவங்களுக்காக ஜெபிக்கச் சொன்னப்போ, தழும்பு கதையக் கேட்டாங்கன்னீங்களே. அந்தச் சாட்சியோட ஆரம்பிங்க" என்றார்.

"இல்லைங்க ஐயரே. அவ அவளோட நம்பிக்கையிலதான் போனா."

அவர் முகத்தில் ஒரு வாட்டம். எனக்கும் அதே வாட்டம்தான், அவரைவிட அதிகமாகவே.

வகுப்பை எடுக்கத்தான் போகிறேன். நான் நம்புவதில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உனக்கும் பிடிக்காது. ஆனால் முதலில், நபியின்மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று தவித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லுவேன். அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ளாமல் யாரும் பதில் சொல்லப் போகாதீர்கள் என்பேன்.

உன்னைப் பற்றி என் வேதத்தில் எனக்கு ஆறுதலான வசனம் தேடிப் பார்த்தேன். சுலபமாக ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்ததாக உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கும்பிடுகிறவரின் கையில் தழும்பு இருக்கிறது. நீ நம்பாத அந்தக் கையில்தான் தினமும் ஜெபத்தில் உன்னை வைத்துவிட்டு வேன் ஏறுகிறேன்.