தவில் கேட்காத பக்கம்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
10.2.2005

அன்பு மகள் மேனகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மஸ்கட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும். இங்கே உன் அம்மா சௌக்கியம், பின்கட்டு முருங்கை சௌக்கியம், குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. என்னைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள் மேனகா, அது எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், கேட்க வந்ததும் மறந்து போகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் முழுவதையும் படி, பிறகு அழுதுகொள்.

எதிர்வீட்டு ராஜாங்கம் பிரான்சுக்கே மகனோடு போய்விட்டபோது எனக்கென்று விட்டுப்போன ஸ்டீரியோ செட் உனக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா பென்ஷனில் அங்கிருந்தே வாங்கிவந்தது, பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, முன்பக்கம் வெள்ளிப் பட்டன்கள். மில் மூடிய பிறகு எனக்கிருந்த ஒரே பொழுது அதுதான். தினமும் சாயங்காலம் அந்த நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், நாதஸ்வரம் வலது பெட்டியிலும் தவில் இடது பெட்டியிலும் வந்து கச்சேரி மேடைக்கு எதிரில் உட்கார்ந்தது போலவே இருக்கும். போன ஆயுதபூஜை சமயத்தில் தவில் மங்க ஆரம்பித்தது. தீபாவளிக்குள் யாரோ பக்கத்துத் தெருவில் கல்யாணத்துக்கு வாசிப்பது போல ஆகிவிட்டது. இடது பக்கம் போய்விட்டது என்று நினைத்தேன், செட்டைத்தான் சொல்கிறேன். திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தேன், பிரஷ்ஷால் தூசி தட்டினேன், வால்யூம் திருகும் இடத்தில் ஸ்பிரே அடித்தேன். தறி ஷெட்டில் நான் மேஸ்திரியாக இருந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான், பழுது எங்கே என்று தெரியவேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பழுதும் கூடவே நகர்கிறதா பார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தேன், நகரவில்லை. ஒயர்களை மாற்றிப் போட்டேன், அப்போது நாதஸ்வரம் இடது பக்கம் வந்து அதுவும் மங்கிப் போனது, தவில் வலது பக்கம் போய்க் கணீரென்று கேட்டது. இரண்டு பெட்டியும் நன்றாக இருக்கிறது, செட்டின் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இடது கைப்பக்கம் எது வந்தாலும் மங்குகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒயர்களைப் பழையபடி போட்டு, பலராமனிடம் எடுத்துப்போனேன். மார்க்கெட் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கிறானே, என் கூட மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், அவன்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்டென்சர் வீக்கா இருக்குண்ணே, வெச்சிட்டுப் போ பார்க்கலாம் என்றான். வாரக்கணக்கில் வைத்திருந்து கொடுத்தான். அப்படியே இருந்தது. மறுபடியும் கொண்டுபோனேன், மறுபடியும் வைத்திருந்தான். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பீக்கர் ஒயர் ஒன்று நைந்திருந்தது, அதை வெட்டி முறுக்கி டேப் சுற்ற ஜன்னல் வெளிச்சம் வேண்டியிருந்ததால் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, செட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலையை முடித்தேன். எழுந்து போய் மாட்டிவிட்டு, கேசட்டைப் போட்டுவிட்டு, வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து கத்தியையும் டேப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தவில் கணீரென்று கேட்கிறது மேனகா! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஒயர்தான் பழுதா, இதற்கா இத்தனை மாதம் என்று. பிறகுதான் கவனித்தேன், இப்போது நாதஸ்வரம் மங்கியிருந்தது. நான் திரும்பி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். விரலை வலது காதில் வைத்து அழுத்தினேன். வீடே அடங்கிப்போனது. செட்டில் ஒரு பழுதும் இல்லை, பழுதாகி இருப்பது நான்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் போன் வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கேசட்டை நிறுத்திவிட்டு, எப்போதும் போல ஸ்டூலில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். போன் எப்போதும் என் நாற்காலிக்கு இடது பக்கம்தான். நாற்காலி திரும்பியிருந்ததால் அன்றைக்கு அது என் வலது பக்கம் ஆகியிருந்தது, அவள் அதை யோசிக்கவில்லை. இன்னும் அந்த செட்டத்தான் நோண்டிக்கினு இருக்காரு என்றாள். நீ சொன்ன மாதிரியே யாரும் வாயத் தொறக்கல, மே மாசம் நீ வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போற வரைக்கும் காது விஷயம் அவருக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சி போயிடுவாரு, பலராமன்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன், கேட்டா செட்டுலதான் கோளாறுன்னு சொல்லுன்னு என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பாப்பா பல் முளைத்ததைப் பற்றிப் பேசிச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் கேட்டது.

ஆக, உனக்கு முதலில் தெரிந்திருக்கிறது. நர்ஸ் ஆயிற்றே, போனை இடது காதில் வைத்தால் லைன் சரியில்லை என்று நான் கத்துவதை வைத்தே கண்டுபிடித்திருப்பாய். உனக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது, பலராமனுக்குத் தெரிந்தது, காதுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாது. தறி ஷெட்டில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள், எதிரில் இருந்து பேசினால் காது கேட்கிறதா கண் கேட்கிறதா என்று எனக்கே தெரியாது, அதனால் நான் ஏமாந்தேன். நீங்கள் ஏன் ஏமாற்றினீர்கள்? என் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து என்னைப் பற்றியே பேசியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கார்த்திகை மாதம் முதலியார்பேட்டையில் இடது பக்கத் தெருவிலிருந்து திரும்பிய ஒரு பஸ் என் மொபெட்டை உரசிக்கொண்டு போனதே, ஹாரன் அடிக்காமல் வந்த பாவி என்று வீட்டுக்கு வந்து நாள் முழுக்கத் திட்டினேன். அவன் அடித்திருப்பான். இடது பக்கம் அடித்திருப்பான். மறுநாள் மொபெட் சாவி காணாமல் போனது. நான் கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து தேடினேன், அம்மாவும் கூடவே குனிந்து தேடினாள். சாவியை ஒளித்துவைக்கத் தெரிந்தவளுக்கு உண்மையைச் சொல்லத் தெரியவில்லையா? என் ஷெட்டில் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காது போச்சு, ஒருவனும் ஒடிந்து போகவில்லை. காது போனதற்கு நான் ஒடியவில்லை மேனகா. உன் அப்பனிடம் சொன்னால் தாங்கமாட்டான் என்று நீ முடிவு செய்தாயே, அதற்குத்தான் மனசு விட்டுப்போச்சு.

நானும் பொய் சொல்லிவிட்டேன். நேற்று முன்தினம் பலராமன் கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி கோரிமேட்டுக்குப் போனேன். திண்டிவனத்துப் பக்கத்து ஜனங்களோடு சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு, ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கய்யா என்றது. வலது பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் வந்ததும் கை மடியிலேயே கிடந்தது. தறிச் சத்தத்தில் போனதுதானாம், போனது திரும்பாதாம், வலது காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது, மெஷின் வைத்தால் கொஞ்சம் பயன் இருக்கலாமாம். கூட யாரும் வரலியா அய்யா என்று கேட்டது. மகள் மே மாதம் வருகிறாள் என்று சொன்னேன். திரும்பும்போது பலராமன் கடை வழியாகத்தான் வந்தேன், கடை எனக்கு இடது பக்கம். அவன் எழுந்து நின்று வாயைத் திறந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். கேட்காத காது அன்றைக்கு எனக்கு உபயோகப்பட்டது.

எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இப்போது எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு வருகிறேன். சோறு போடும்போது எப்போதும் என் இடது பக்கம் நிற்பாள், சில மாதமாக வலது பக்கம் வந்து நிற்கிறாள். கடைத்தெருவுக்கு நடந்தாலும் அப்படித்தான், ரோட்டுப் பக்கம் அவள் போகிறாள். நான் ஃபேன் காற்றுக்காக என்றும் வெயிலுக்காக என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை, கோபம் போகவும் இல்லை. அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு எதுவும் சொல்லாதே. செட்டில் மோனோ என்று ஒரு பட்டன் இருக்கிறது, இத்தனை வருஷம் அதைத் தொட்டதில்லை. அதை அழுத்தினால் இரண்டு பெட்டியிலும் எல்லாமே வருகிறது, தவிலும் நாதஸ்வரமும் ஒரே பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு வாசிக்கின்றன. கச்சேரி மேடை போய்விட்டது, பாட்டு இருக்கிறது.

பாப்பா காதில் எண்ணெய் ஊற்றாதே, ஊக்கு, குச்சி எதையும் விடாதே, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீயும் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறாய், வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்கார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் மயிலம் முருகன் காக்கட்டும், என் கோபம் உங்கள் யார் தலையிலும் விழ வேண்டாம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது, அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடாதே. அப்பாவிடம் கொடு என்று கேள். சொல்லவேண்டியதை எனக்கே சொல், எவ்வளவு கெட்ட சேதியாக இருந்தாலும். நாற்காலியை நான் பழையபடி திருப்பிப் போடவில்லை. அம்மா போனை என் பக்கம் நீட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டு அதிலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

கோபமும் பாசமும் குறையாத
உன் அப்பா,
அரிகிருஷ்ணன்