ராக்கப்பன் தொட்டிச் சாக்கு

மார்ச் 4, 2025

திராட்சைக்காரர்கள் கூட்டத்துக்குப் போய் வந்தேன். அவர்கள் பதினாறு பேர், நான் ஒருவன். என் ஒன்பது தேனீப் பெட்டிகளையும் எடுத்துவிட வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்து ராக்கப்பனின் தண்ணீர்த் தொட்டியை ஈ மொய்க்கிறது. அங்கே கை கழுவப் போன கூலிப்பெண் யுவராணிக்குக் கண்ணுக்குக் கீழே கொட்டிவிட்டது. பழம் வெட்ட இனி வரமாட்டோம் என்கிறார்கள் பெண்கள். வெட்டாவிட்டால் பழம் கொடியிலேயே வெடித்துப்போகும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது என் ஈ என்று எவன் கண்டான்?

என் ஈக்கென்று தனித் தொட்டி வைத்திருக்கிறேன். தினமும் தேய்த்துக் கழுவி போர்வெல் தண்ணீர் நிரப்புகிறேன். அதை விட்டுவிட்டு அவனுடைய பாசித் தொட்டிக்கு ஏன் போகிறது? மலையிலிருந்து வரும் ஈ என்றேன். சிரித்தார்கள். கோபத்தில் வாயை விட்டேன்.

"என் ஈ மேல மாவு தூவி விடுறேன். ஒரு வெள்ளை ஈ உன் தொட்டியில உக்காந்தாலும் ஒம்பது பெட்டியையும் நானே தூக்குறேன்லே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றான் ராக்கப்பன்.

கேட்கட்டும்.

மார்ச் 5

வந்தது. ஒன்றல்ல. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 6

முனீஸ்வரி காப்பியை வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "அரிசி மாவு மிச்சமிருக்கு. உங்க மூஞ்சியில தூவட்டுமா? அடையாளம் தெரியாம கடைவீதிக்குப் போயிட்டு வரலாம்." நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் பேசுகிற பேச்சு!

ராக்கப்பன் வேலி ஓரம் வந்தான். "எப்பண்ணே தூக்குறீக?"

"தூக்குறேன்னுதான சொன்னேன். என்னைக்குன்னு சொன்னேனா?"

சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினெட்டாம் தேதி வெட்டு ஆரம்பம், அதுவரைக்கும்தான் பொறுப்பேன் என்றான். சரி என்றேன்.

மார்ச் 8

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவன் தொட்டி அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். குழாய் ஒழுகுகிற இடத்தில் ஒரு சாக்கைச் சுற்றி வைத்திருக்கிறான். ஈயெல்லாம் அந்த ஈரச் சாக்கில்தான். பல ஈக்கள் குடித்ததும் பறந்துவிடுகின்றன. சில மட்டும் நிற்கின்றன. தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறகால் விசிறுகின்றன. வால் நுனியில் வெளிறிய ஒரு கோடு விரிகிறது. எங்கே ஒன்று அப்படி நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் அடுத்தது வந்து இறங்குகிறது.

சாக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பாசி நாற்றத்துக்கு நடுவே லேசாக ஒரு மணம். எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் வருமே, அது.

கூப்பிடுகிறது! தண்ணீர் இங்கே என்று மணத்தால் கூப்பிடுகிறது!

நானோ என் தொட்டியைத் தினம் தேய்த்துக் கழுவி, முதலில் வந்த ஈ போட்டுவைத்த அழைப்பை நானே அழித்திருக்கிறேன். பதினோரு வருடமாக. பயிற்சிக்கு வந்த அதிகாரி, ஈ ஆடி ஆடித் திசை காட்டுவதைச் சொன்னார், மணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா?

மார்ச் 9

அந்தச் சாக்கைக் கொடு என்று கேட்டேன். ராக்கப்பன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்: "பெட்டியைத் தூக்கச் சொன்னா சாக்கைத் தூக்குறாக, பாருங்க!"

சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். கொடுத்தான். அவன் தொட்டியை, மணம் போக, சுண்ணாம்பு போட்டு நானே தேய்த்துக் கழுவினேன். எழுபத்தொரு வயதில். தார்ப்பாய் போட்டு மூடினேன். சாக்கை ஒரு தண்ணீர்ச் சட்டியில் பாதி முங்கும்படி போட்டு, பத்தடி தள்ளி வைத்தேன்.

மார்ச் 12

தினம் இருபதடி நகர்த்துகிறேன். சட்டியோடு ஈயும் வருகிறது. இன்று வேலி தாண்டிவிட்டது.

என் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. கழுவக் கை பரபரக்கிறது. கழுவமாட்டேன்.

மார்ச் 15

சாக்கை என் தொட்டி விளிம்பில் விரித்தாயிற்று. மதியம் அங்கே ஈ உட்கார இடமில்லை. அவன் தார்ப்பாய் மேல் எட்டு. எட்டு என்றாலும் வந்தது வந்ததுதான். ஒன்று உட்கார்ந்தாலும் தூக்குகிறேன் என்றுதானே சொன்னேன்.

மார்ச் 18

விடியும்போதே மூன்று பெட்டிகளின் வாசலை அடைத்துக் கயிறு கட்டினேன். உத்தமபாளையத்தில் மைத்துனன் தோட்டத்தில் வைக்கலாம் என்று ஜீப்புக்குச் சொல்லியிருந்தேன். முனீஸ்வரி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குக் கேலி எதுவும் இல்லை.

நாலாவது பெட்டியைக் கட்டும்போது ராக்கப்பன் வந்தான்.

"என்னண்ணே இது?"

"சொன்ன சொல்லு."

"அங்கன பொம்பளையாளுக எல்லாம் வந்துட்டாக. கை கழுவிட்டுப் பழம் வெட்டிக்கிட்டு இருக்காக. இப்ப உங்களை யாரு தூக்கச் சொன்னா?"

"எட்டு ஈ இன்னும் வருது."

"எட்டு ஈயை நான் பாத்துக்கிறேன். அவுத்து விடுங்க."

சொல்லிவிட்டு வெட்டுக்குப் போய்விட்டான். ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன்.

வாசலைத் திறந்ததும் ஈக்கள் பொங்கி வந்தன. சில ஈக்கள் வாசல் பலகையிலேயே நின்று வாலைத் தூக்கி விசிறின. வெளியே போனவற்றை வீட்டுக்குக் கூப்பிடுகிற விசிறல். இத்தனை நாளும் வெக்கைக்கு விசிறுகிறது என்றே எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ராக்கப்பனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. இரண்டு புட்டி தேன் கொடுத்தனுப்பலாம் என்றாள் முனீஸ்வரி. ஒன்று போதும் என்றேன். இன்னொன்றை யுவராணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குக் கீழே இன்னும் லேசாகக் கறுத்திருக்கிறது.

"உன்னைக் கொட்டுனது என் ஈதாம்மா."

"அதான் ஊருக்கே தெரியுமே பெரியப்பா," என்றாள்.