மாதுளந்தோல் சேர்க்காத விரிப்பு

மார்ச் 4

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை நீங்கள் எழுதியது மூன்றே வரி. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுத்தரும்போது ஓயாத வாய், பெண்டாட்டிக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் அடைத்துக்கொள்கிறதாக்கும்.

இங்கே ஒரு நல்ல சேதி. ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். ஜெலட்டினை அமிலத்தில் கரைத்து ஊசிக்குழாயில் ஏற்றுவோம். ஊசி முனைக்கு ஏராளமான மின்னழுத்தம் கொடுத்தால் கரைசல் சொட்டாமல் நூலாக இழுபட்டுப் பறந்து, எதிரே உள்ள தகட்டில் படியும். கண்ணுக்கே தெரியாத நூல். படியப் படிய வெள்ளைத் தாள் மாதிரி ஒரு விரிப்பாகிவிடும். புண்ணுக்குக் கட்டுப்போட அது. நான் அந்தக் கரைசலில் மாதுளந்தோல் சாற்றைச் சேர்த்தேன். கிருமி வளர்த்த தட்டில் அந்த விரிப்பில் ஒரு துண்டை வைத்தால், சுற்றிலும் கிருமி செத்து அகலமாக ஒரு வளையம் விழுகிறது. சாறு சேர்க்காத விரிப்பைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

பேராசிரியை என் தோளைத் தட்டி, கருத்தரங்கில் நீயே பேசு என்றார். இது நிலைத்துவிட்டால் இரண்டாம் வருஷ உதவித்தொகையும் உறுதி. நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

உங்கள்,
வளையக்காரி


மார்ச் 19

டீச்சரம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? காலையில் கற்றுக்கொள்ள வந்த பாங்க் அம்மாளுக்குக் கிளட்சைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே உன் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட சுவாரஸ்யத்தில் அவர் வண்டியைச் சுவரில் இடித்தார். முன்விளக்கு போயிற்று, போகட்டும். மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டு வக்கீல், யாரையும் விடவில்லை. சலூன்காரர் என் பாதி முகத்தில் சோப்பு காயக் காய முழுக் கதையையும் கேட்டார்.

கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த வயதில் படிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னவள், நான் கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, போ.

வீடு சுத்தமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

உன்,
மூன்று வரிக்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்த வளையம் மாதுளந்தோலால் விழுந்ததல்ல.

போன வாரம் ஒரு புது விரிப்பை உறையிலிருந்து எடுத்தேன். லேசாகப் புளித்த வாடை. அமிலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை நான் வைத்த சாற்று விரிப்பு அன்று காலையில் நூற்றது. சாறு சேர்க்காததோ அலமாரியில் வெகுநாள் கிடந்து நன்றாகக் காய்ந்துபோன பழைய விரிப்பு. எந்திரம் அன்றைக்கு எனக்கு மறுபடி கிடைக்கவில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டேன். உடனே சாறில்லாத விரிப்பைப் புதிதாக நூற்றுத் தட்டில் வைத்துப் பார்த்தேன். அதைச் சுற்றியும் அதே அளவு வளையம்! கிருமியைக் கொன்றது அமிலம்.

இது வேறு யார் கண்ணிலும் படவில்லை. ஆனாலும் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் கருத்தரங்குப் பட்டியலை எடுத்து என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார். கருத்தரங்கு சந்தேகம். இரண்டாம் வருஷமும் சந்தேகம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். தானாக மறந்துபோகட்டும். முக்கியமாக உங்கள் அக்காவிடம் மூச்சுவிடாதீர்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உங்கள் மனைவி


ஏப்ரல் 15

என் கண்ணே,

நீ சொன்ன பேச்சை நான் கேட்கவில்லை. கோபப்படு, பரவாயில்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே வழியாக அத்தனை பேரிடமும் மறுபடி போனேன். வளையம் தப்பு, தப்பென்று கண்டுபிடித்தவளும் என் பெண்டாட்டியேதான் என்றேன். மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து கைகொடுத்தார். சலூன்காரருக்கு நம்பிக்கையே வரவில்லை. யாரும் கேட்காமலா சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே சிரிக்கும்டா. இதையும் போய்ப் பெருமையா சொல்லிட்டுத் திரியறியே."

"சிரிக்கட்டும்க்கா. நாளைக்கு உன் புண்ணு மேல ஒண்ணை ஒட்டணும்னா, அதைச் செஞ்சவ இவளை மாதிரி இருக்கணும்னு வேண்டிக்கோ."

அக்கா உள்ளே போய்விட்டாள். வெளியே வந்ததும் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்.

வளையம் விழுந்தபோது எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். இரண்டாம் வருஷத்தைக் கொடுத்தால் இரு, கொடுக்காவிட்டால் வா. எப்படி வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு மட்டும் வராதே.

உன்னவன்


மே 21

என் அன்புக்குரியவருக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் உங்கள் கடிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எடுத்துப் படித்து, வாய்விட்டு அழுதேன்.

சாறு சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒரே நாளில் நூற்று, ஒரே பெட்டியில் வாடை துளியும் இல்லாமல் உலர்த்தி வைத்தேன். சேர்க்காததைச் சுற்றி ஒன்றுமில்லை. மாதுளந்தோல் விரிப்பைச் சுற்றி ஒரு வளையம், நகக்கண் அகலம்கூட இராது. ஆனால் அது மாதுளந்தோலின் வளையம். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் விழுந்தது.

கருத்தரங்கில் தவறிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கச் சொன்னார் பேராசிரியை. ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து வாடையைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டாம் வருஷமும் கிடைத்துவிட்டது.

அங்கே ஒருத்தர், இதை வெளியில் சொல்ல உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டார். பயந்தது நான்தான், என் வீட்டுக்காரர் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார் என்றேன். அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். போதும் போதும் என்கிறார்கள், எனக்குத்தான் போதவில்லை.

உங்கள்,
டீச்சரம்மா