டொல்பின் எடுக்கிற லென்ஸ்

ஞாயிறு, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு.

கமெராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதுதான். அப்படிப்பட்ட என்னிடம் போய் கூடப்பிறந்த மூத்த ராத்தாவின் மகள் ருஸ்னா, முதல் லென்ஸாக, கிட்ட நின்றே முழுதாய் எடுக்கும் 18-55 ஜூமை வாங்குவதா, தூரத்தை இழுக்கும் 70-300 ஜூமை வாங்குவதா என்று கேட்டாள்.

"பெரிச வாங்கு மகள். கற்பிட்டிக் கடல்ல டொல்பின்ட பல்லையே எண்ணலாம்" என்றேன். வாங்கிவிட்டாள்.

இன்று கற்பிட்டியிலேயே அவளுடைய முதல் கல்யாண வேலை. பெண்கள் பக்கம் பெண்தான் படமெடுக்க வேண்டும் என்பதால் கிடைத்தது. மணமகளின் அறையோ நாலு கதிரை போட்டால் நிறைந்துவிடும். சுவரோடு ஒட்டி நின்றும் லென்ஸுக்குள் மூக்கு மட்டும்தான் அகப்பட்டதாம். வியர்த்துப்போய் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, பின்னுக்குப் போக இடமே இல்ல!"

"களப்புத் தண்ணியத் தாண்டி அக்கரையில, புத்தளத்தில நின்டு எடு மகள்!"

பந்தலே சிரித்தது. சத்தம் கேட்டு மணமகளின் உம்மா எட்டிப் பார்த்தார். பிறகு யாரோ ஒருத்தியின் போனில்தான் படமெடுத்தார்கள்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் ருஸ்னா லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். இறங்கும்போது கேட்டாள்: "லென்ஸ் பிழைச்சது பரவாயில்ல மாமா. ஏன் எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க?"

அதற்கும் சிரிக்கவைக்கிற ஒரு பகிடிதான் தேடினேன். நல்ல வேளை, கிடைக்கவில்லை.