கடித்த ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு ஷோகிர் எழுதுவது. நான் நலம்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பிழைக்க வந்த இந்த அஸ்தானா நகரத்தில் ஞாயிறன்றும் அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். அங்கேயும் எரிச்சல்தான். ஆசிரியை அய்மன் ஒரு முழு ரொட்டியை மேசையில் வைத்து வரையச் சொன்னார். நான் ஓரம் கடிபட்ட ரொட்டியாக வரைந்துவிட்டேன்.

“பசி தாங்கலையாண்ணே?” என்று சிரித்தான் பக்கத்திலிருந்தவன்.

“கண்ணு முன்னால இருக்கறத வரைங்க!” என்றார் அய்மன்.

அழித்து வரைந்தேன். மறுபடியும் கடிதான் விழுந்தது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் கிளம்பும்போது ஒரு வாய் கடித்த ரொட்டியை, நம் ஊர் வழக்கப்படி நான் பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமென்று சுவரில் மாட்டினீர்களே, அதை எலி தொடாமல் பாருங்கள். மீதியை நான் வந்துதான் தின்ன வேண்டும்.

ஷோகிர்