வெந்தயமும் என் பேண்ட்டும்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள சாராளுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கம்பெனி கேட்டில் சோதனைக்காக பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். பேண்ட் காலடியில் விழுந்துவிட்டது.

பின்னால் நின்ற ஜெபா, "இன்னா மாமே, பாதியாயிட்ட. இன்னாதான் துன்னுற?" என்றான்.

"வீட்டுக்காரி குடுத்த வெந்தயம்டே. ஊறவச்சுக் குடிச்சா பசியே எடுக்காது" என்று பெருமையடித்தேன். இப்போது கேன்டீன் முழுக்க உன் வைத்தியம்தான் பேச்சு.

உன் முட்டிவலி தேவலையா? முப்பத்திரண்டு இடுப்பில் ஒரு பேண்ட் அனுப்பு. நீயும் நம் மகள் மோனிகாவும் சாப்பிடும்போது பேசிக்கொள்வதை ஒருநாள் போனில் பதிந்து அனுப்பு. இங்கே தட்டுக்கு எதிரே சுவர்தான் இருக்கிறது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் ஜெரால்ட்

வெந்தயம் மட்டும் இனி அனுப்பாதே. ஈஸ்டருக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலமே இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.