தோலுரித்த இறால் குஞ்சு

9.11.1972, வியாழன்

பவானி ஆற்றிலிருந்து கொண்டுவந்து சிமெண்டுத் தொட்டியில் விட்ட இறால் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பன்தான் அள்ளிப் போகிறார் என்று போன வாரம் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்று மத்தியானம் என் மனைவி சரசு தொட்டியோரம் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள். "மாமா, சத்தம் போடாம வந்து பாருங்க."

தண்ணீருக்கடியில் ஒரு குஞ்சு தன் தோலை விட்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. பழைய தோல் மீசையோடு அப்படியே கண்ணாடி போல் நின்றது. பிறந்த குழந்தை மாதிரி மெத்தென்று பக்கத்தில் அசையாமல் கிடந்தது குஞ்சு. பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்குள் மற்ற குஞ்சுகள் சூழ்ந்து அதைத் தின்றுவிட்டன.

"ஒளிய எடமில்லீங்க, பாவம்," என்றாள் சரசு.

அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் கழிவுத் துணி வீட்டில் கிடந்தது. சாயம் ஏறாத வெள்ளைத் துணியாகப் பொறுக்கி அலசி, கொத்துக் கொத்தாகக் கட்டித் தொட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். சாயங்காலம் மடிப்புக்கு மடிப்பு சின்னக் கண்கள் தெரிந்தன.

பிறகு பழனியப்பன் வீட்டுக்குப் போனேன். "தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. அதுகளேதான் ஒன்னையொன்னு தின்னுட்டு இருந்துச்சுங்க."

அவர் என்னையே பார்த்தார். "ஒரு வாரமா எங்க ஊட்ல யாரும் செரியாச் சோறு திங்கலீங்க," என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வரப்பில் திரும்பி நடக்கும்போது எனக்கும் ஒளிய இடமில்லாத மாதிரியே இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. நாளைக்கு மறுபடி அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.